உயிரோடு பிறக்கவில்லை

சோலார் காட்டில் வேலைக்குச் சேர்ந்த அன்று செண்பகவல்லி மேற்பார்வையாளரிடம் இரண்டே கேள்விகள்தான் கேட்டாள். தண்ணீர் எந்நேரமும் வருமா? பக்கத்து வரிசையில் ஆள் நிற்பார்களா? தண்ணீர் வரும், ஆள் நிற்க மாட்டார்கள் என்று அவர் சொன்னதும் வேறெதுவும் விசாரிக்காமல் கைரேகை இயந்திரத்தில் விரலை வைத்துவிட்டாள்.

கோவில்பட்டிக்குக் கிழக்கே கரிசல் நிலம் அடிவானம் வரைக்கும் கண்ணாடித் தகடுகளாகிவிட்டிருந்த காலம் அது. புதுக் காடுகளைக் கழுவ இயந்திரங்கள் வந்துவிட்டன. பழைய காட்டில் தாங்கிகள் மண்ணில் இறங்கித் தகடுகள் கோணல்மாணலாக நின்றதால் அங்கே மட்டும் மனிதர்கள் கழுவினார்கள். ஆளுக்கு நாற்பது வரிசை. குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பவளுக்கு அடுத்த ஆளின் தலைகூடத் தெரியாது. வெயில் மேலிருந்து பாதி, தகட்டிலிருந்து பாதி அடிக்கும். யாரும் விரும்பிப் போகாத வேலை. செண்பகவல்லிக்கு அதைவிடத் தோதான வேலை உலகத்தில் இல்லை.

அவளால் மலத்தை அடக்க முடியாது. வருகிறது என்று தெரிவதற்கும் வந்துவிடுவதற்கும் நடுவே பத்தடி நடக்கக்கூட நேரம் இருக்காது. சில நாள் தெரியவே தெரியாது, வாடைதான் சொல்லும். காற்றுப் பிரிவதும் அவள் கையில் இல்லை. காலையில் ஒன்றும் தின்னாமல் நான்கு கிலோமீட்டர் நடந்தே வேலைக்கு வருவாள். தோள்பையில் மாற்றுச் சேலை மூன்று, டயப்பர், சோப்பு, ஒரு பாலிதீன் பை. பஸ் ஏறியது, கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தது எல்லாம் இருபத்திரண்டு வயதோடு முடிந்துபோயிருந்தன. இப்போது அவளுக்கு நாற்பத்தொன்று.

இருபத்திரண்டில்தான் பிரசவம். ஒரு பகல் முழுக்க வலி எடுத்தும் பிள்ளை இறங்காமல் நின்றுவிட்டது. ஆபரேஷன் செய்துவிடலாம் என்று அந்தச் சின்ன நர்சிங் ஹோமில் கேட்டார்கள். அவள் புருஷன் வெயிலுமுத்து கையெழுத்துப் போடத் தயங்கினான். அவன் அம்மா, “வயித்தக் கிழிக்க வேண்டாம், நானும் நாலு பெத்தவதான்” என்று அவன் கையிலிருந்த பேனாவை வாங்கி வைத்துக்கொண்டாள். கடைசியில் ஆயுதம் போட்டு இழுத்தார்கள். பெண் குழந்தை. எண்ணெய் இல்லாத கதவுக் கீல்போல மெலிசாக இரண்டு தரம் அழுதது. செண்பகவல்லி அதைக் கேட்டாள். பிறகு சத்தம் இல்லை. கிழிந்த இடத்தை மேலாகத் தைத்து அனுப்பிவைத்தார்கள். உள்ளே ஆசனவாயைச் சுற்றியிருக்கும் வளையத்தசை அறுந்து கிடந்ததை யாரும் பார்க்கவில்லை.

வெயிலுமுத்து கெட்டவன் இல்லை. மூன்று வருடம் இருந்தான். முதலில் கட்டிலை ஜன்னலோரம் நகர்த்தினான். பிறகு அவன் வாசலுக்கு நகர்ந்தான். பிறகு ஊரைவிட்டே நகர்ந்துவிட்டான். வேறு கல்யாணம் செய்துகொண்டு, இரண்டு பிள்ளைகளோடு சாத்தூரில் பேட்டரிக் கடை வைத்திருப்பதாகக் கேள்வி.

ஒருநாள் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது அடுக்களையில் இருந்த போன் தானாகப் பேசியது. “பிரசவத்துக்குப் பிறகு மலம் கசிகிறதா? வெட்கப்பட வேண்டாம்” என்றது ஒரு பெண்குரல். செண்பகவல்லி ஓடிப்போய்க் கதவைச் சாத்தினாள். அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. விளம்பரம் செய்கிறார்கள் என்றால் தன்னைப்போல இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள்.

இரண்டு நாள் பட்டினி கிடந்து, வயிற்றைக் கட்டும் மாத்திரை போட்டுக்கொண்டு, பாளையங்கோட்டைக்குப் பஸ் ஏறினாள். அங்கே டாக்டர் ஜெனிட்டா என்று ஒரு சின்ன வயசு அம்மா. செண்பகவல்லி சொல்லத் தெரியாமல் சேலைத்தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தாள்.

“எனக்கு மட்டும்தான்னு நெனச்சீங்களா?” என்று டாக்டரே கேட்டாள். “இந்த வார்டுல இன்னைக்கு நாப்பத்து மூணு பேரு இருக்காங்க. அத்தனை பேரும் அப்படித்தான் சொல்லிட்டு வந்தாங்க.”

வைத்தியம் இதுதான். தொடையிலிருந்து துளித் தசையை எடுத்து வெளியே வளர்ப்பார்கள். அது வளையமாக வளர்ந்ததும் அறுந்த இடத்தில் பொருத்தி நரம்போடு சேர்ப்பார்கள். பலபேருக்குக் குணமாகியிருந்தது. செண்பகவல்லியின் தசை மட்டும் வளரவில்லை. மூன்று தடவை போட்டுப் பார்த்தும் வளராமல் கருகியது. நான்காம் மாதம் டாக்டர் கூப்பிட்டு அனுப்பினாள். கைவிரித்துவிடத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்துப் போனாள் செண்பகவல்லி.

“அம்மா, உங்க காயத்தழும்புலயும் கொஞ்சம் எடுத்துப் பாத்தோம்லா, அதுல வேற ஒருத்தரோட செல்லும் இருக்கு” என்றாள் டாக்டர்.

“வேற ஒருத்தர்னா?”

“வயித்துல பிள்ளை இருக்கையில அதோட செல்லு கொஞ்சம் தாய் உடம்புல கலந்துரும். பிள்ளை பிறந்த பிறகும் போகாது. சிலபேருக்குக் கடைசி வரைக்கும் இருக்கும். உடம்புல எங்க காயமோ அங்க போய்ச் சேரும். உங்களுக்கு அந்தக் கிழிசலோட ஓரத்துல கூட்டமா உக்காந்திருக்கு. பொம்பளப் பிள்ளையோடது.”

செண்பகவல்லி குனிந்து தன் மடியைப் பார்த்தாள். பிறகு கேட்டாள். “அங்க உக்காந்து என்ன செய்யுது?”

டாக்டர் கொஞ்சம் யோசித்தாள். “தைக்கப் பாத்திருக்கு. அம்புட்டுக்குச் செல்லு போதல. ஆனா அத வெளிய எடுத்து வளத்தா முழு வளையமும் வளரும். சோதனைக்கு நாலு செல்லு வச்சுப் பாத்தோம். அவ்வளவு வேகமா வளருது.”

“உயிரோடயா?”

“உயிரோடதான்.”

பிள்ளை வந்து கிழித்துவிட்டுப் போய்விட்டது என்றுதான் ஊரில் சொல்வார்கள். செண்பகவல்லியும் ஆத்திரம் வருகிற நாளில் அப்படிச் சொல்லித் திட்டியிருக்கிறாள். அந்தப் பிள்ளை போகவே இல்லை. பத்தொன்பது வருடமாக, அவள் துணி அலசிய ஒவ்வொரு நாளும், அங்கேயே உட்கார்ந்து ஆகாத தையலைப் போட்டுக்கொண்டு இருந்திருக்கிறது.

“பொருத்திருங்க” என்றாள்.

“அதுலதான் ஒரு சிக்கல்” என்று டாக்டர் மேஜைத் திரையை அவள் பக்கம் திருப்பினாள். “சில வருஷத்துக்கு முன்னால தாய்மார் ரத்தத்துல இருந்து பிள்ளைங்களோட செல்லை எடுத்து வித்துட்டாங்க. பெரிய வழக்காகிச் சட்டம் வந்துச்சு. ஒரு செல்லு யாரோட மரபணுவோ அது அவங்களுக்குத்தான் சொந்தம். பிள்ளைகிட்டக் கையெழுத்து வாங்கணும். உங்க மகளுக்குப் பத்தொன்பது வயசுன்னு பதிவேடு காட்டுது.”

திரையில் ஒரு வரி இருந்தது. பெண். இரவு 10.20. தாய் பெயர், தந்தை பெயர். குழந்தையின் பெயர் இருக்க வேண்டிய கட்டம் காலி. இறப்பு என்ற கட்டமும் காலி. நர்சிங் ஹோம்காரர்கள் பிறப்பைப் பதிந்துவிட்டு அதற்குமேல் எதையும் எழுதாமல் விட்டிருந்தார்கள். அந்த நர்சிங் ஹோமும் இப்போது இல்லை.

“அன்னைக்கே போயிருச்சு டாக்டரம்மா.”

“அப்ப ரெண்டு வழி இருக்கு. பிறந்து, பிறகு இறந்ததுன்னா அப்பாவும் அம்மாவும்தான் வாரிசு. ரெண்டு பேரும் சம்மதிச்சுக் கையெழுத்துப் போடணும். உயிரோடவே பிறக்கலன்னா சட்டத்துக்கு அது ஒரு ஆளே கிடையாது. செல்லும் உங்களோடதுதான். நீங்க மட்டும் வாக்குமூலம் குடுத்தாப் போதும். அந்த வரிய அழிச்சிருவாங்க.” டாக்டர் அவள் முகத்தைப் பார்த்தாள். “பொய் வாக்குமூலம்னு பின்னால தெரிஞ்சா வளையத்த வெட்டி எடுத்துருவாங்க. என்னையும் வேலைய விட்டு அனுப்பிருவாங்க. அதனால கேக்கேன். பிள்ளை அழுதுச்சா?”

“அழுதா” என்றாள் செண்பகவல்லி. “ரெண்டு தரம்.”

“அப்ப உங்க வீட்டுக்காரரக் கூட்டிட்டு வாங்க.”

மறுவாரம் அவள் சாத்தூருக்குப் போனாள். கடைவாசலில் வண்டி பேட்டரிகளைக் கழற்றிப் பரப்பி வைத்துக்கொண்டு வெயிலுமுத்து குந்தியிருந்தான். முன்பக்கம் முடி கொட்டியிருந்தது. அவளைப் பார்த்ததும் எழுந்துகொண்டான். உள்ளிருந்து அவன் பெண்டாட்டி எட்டிப் பார்த்து, பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனாள். செண்பகவல்லி உட்காரவில்லை. பிறத்தியார் வீட்டு நாற்காலியில் அவள் உட்கார்வதில்லை.

நின்றபடியே விஷயத்தைச் சொல்லி, தாளை நீட்டினாள். அவன் இரண்டு தடவை படித்தான்.

“நம்ம பிள்ளைய அந்த எடத்துலயா வைக்கப் போறாங்க?” என்றான்.

“அவளே போயி உக்காந்துக்கிட்ட எடம்தான்.”

“எனக்கு என்னமோ மாதிரி இருக்கு செண்பகம்.”

“எனக்குப் பத்தொம்பது வருசமா இருக்கு. நீங்க என்னைய விட்டுட்டுப் போனதுக்கு நான் ஒரு வார்த்த கேக்கல. இப்பவும் கேக்கல. ஒரு கையெழுத்துப் போடுங்க.”

அவன் தாளை மடித்தான். மறுபடி பிரித்தான். ‘உயிரோடு பிறந்து பின் இறந்த எங்கள் மகளின்’ என்று தொடங்கிய வரியில் கரி அப்பிய விரலை வைத்தான்.

“இது தப்பு. அது செத்துத்தான பொறந்துச்சு?”

“அழுதா. நான் கேட்டேன்.”

“நீ மயக்கத்துல கெடந்த. உனக்கு என்ன தெரியும்? வயித்துக்குள்ளயே போயிருச்சு. எப்படி எடுத்திருந்தாலும் அது போயிருக்கும்.”

அவன் குரல் உயரவில்லை. ஆனால் அந்த வரியைக் கரி விரலால் திரும்பத் திரும்பத் தேய்த்தான். அப்போதுதான் செண்பகவல்லிக்கு விளங்கியது. பிள்ளை வயிற்றுக்குள்ளேயே செத்திருந்தால் ஆபரேஷனுக்கு அவன் கையெழுத்துப் போடாததில் ஒன்றும் இல்லை. அழுதிருந்தால் எல்லாம் இருக்கிறது. இத்தனை வருடம் அவன் அந்த ஒரு சொல்லின் மேல்தான் குடித்தனம் நடத்தியிருக்கிறான்.

“அன்னைக்கும் ஒரு கையெழுத்துத்தான் கேட்டாங்க” என்றாள்.

“நீ செத்துப் பொறந்துச்சுன்னே எழுதிக் குடு” என்றான் அவன், அவள் கண்ணைப் பார்க்காமல். “உனக்கும் காரியம் ஆயிரும். யாருக்கு என்ன நட்டம்?”

அவள் தாளை வாங்கிக்கொண்டு திரும்பினாள். பஸ் நிலையத்துக்குப் போகிற வழியில் சேலை நனைந்துவிட்டது. பின்னால் வந்த இரண்டு பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகிப் போனார்கள். ஒரு சந்துக்குள் ஒதுங்கிச் சுவரைப் பார்த்துக்கொண்டு துணி மாற்றினாள். யாருக்கு என்ன நட்டம் என்று அவன் கேட்டதற்குப் பதில் அவளிடம் இருந்தது. அந்தப் பதிலுக்குப் பெயர்கூட வைக்கவில்லையே என்று நினைத்துக்கொண்டாள்.

ஒரு மாதம் பொறுத்தாள். பிறகு பாளையங்கோட்டைக்குப் போய், எனக்குத்தான் சரியாக ஞாபகம் இல்லை, யோசித்துப் பார்த்தேன், பிள்ளை அழவில்லை என்றாள். டாக்டர் ஜெனிட்டா தலை நிமிராமல், “நல்லா யோசிச்சீங்களா?” என்று மட்டும் கேட்டாள். “யோசிச்சேன்” என்றாள் செண்பகவல்லி. 

வாக்குமூலத்தை ஓர் இயந்திரம்தான் வாங்கியது. கண்ணாடித் தடுப்புக்குள் அவளை உட்காரவைத்துக் கதவைச் சாத்தினார்கள். பதில் வாயால் சொல்ல வேண்டும், தலையாட்டினால் செல்லாது என்றது குரல்.

“குழந்தை பிறந்தபின் அழுததா?”

“இல்ல.”

“அசைந்ததா?”

“இல்ல.”

“மூச்சு விட்டதா?”

செண்பகவல்லி இரண்டு கையாலும் அடிவயிற்றைப் பொத்திக்கொண்டாள். பிள்ளை காதில் கெட்ட செய்தி விழாமல் இருக்கப் பொத்துவதுபோல இருந்தது அது.

“பதில் பதிவாகவில்லை. மீண்டும் சொல்லவும்.”

“இல்ல” என்றாள்.

திரையில் அந்த ஒற்றை வரி இருந்த இடம் வெள்ளையானது. நன்றி என்றது குரல்.

ஐப்பசியில் வளையத்தைப் பொருத்தினார்கள். எட்டு வாரம் கழித்து ஒரு காலை, வீட்டில் நின்றுகொண்டிருந்தபோது வயிறு இளகியது. பழக்கத்தில் பையை எடுக்க ஓடியவள் பாதி வழியில் நின்றாள். உள்ளே ஏதோ ஒன்று மெல்லச் சுருங்கிப் பிடித்துக்கொண்டது. பிடித்த பிடி விடவில்லை. அவள் நடந்து, கதவைத் திறந்து, கொல்லைக் கழிப்பறைக்குப் போய், நிதானமாக உட்கார்ந்தாள். வெளியே வந்தபிறகும் வெகுநேரம் கையை ஈரத்தோடு வைத்துக்கொண்டு நின்றாள். சந்தோஷம் என்று அதைச் சொல்ல முடியவில்லை. யாரோ தனக்காக வேலை செய்துகொண்டிருக்க, தான் சும்மா நிற்பதுபோல இருந்தது.

அதன்பிறகு கம்பெனி வேனில் எல்லாரோடும் ஏறி வேலைக்குப் போனாள். பக்கத்தில் உட்காரும் முத்துப்பேச்சி சோறு கொண்டுவந்தால் பகிர்ந்து தின்றாள். ஒரு கல்யாணத்துக்குப் போய் முதல் பந்தியில் உட்கார்ந்து இரண்டு தடவை பாயசம் வாங்கிக் குடித்தாள். “உங்களுக்கு எத்தன பிள்ளைக?” என்று எதிரில் இருந்தவள் சும்மா கேட்டாள். ஒண்ணு பொறந்து தங்கல என்பதுதான் வழக்கமாக அவள் சொல்லும் பதில். அன்று சட்டென்று பயம் வந்துவிட்டது. “இல்ல” என்றாள். “பிள்ளையே இல்ல.”

வைகாசியில் ஒரு மத்தியானம் வெயிலுமுத்து சோலார் காட்டுக்கு வந்தான். யாரிடமோ வழி கேட்டு, வரிசை வரிசையாகத் தேடி வந்திருக்கிறான். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. செண்பகவல்லி குழாயை நிறுத்திவிட்டு, குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். பாதியைக் குடித்துவிட்டு மீதியைக் கையிலேயே வைத்துக்கொண்டான்.

“எனக்கு ஒரு செய்தி வந்துச்சு” என்றான். “தங்கள் மகளின் பிறப்புப் பதிவு ரத்து செய்யப்பட்டதுன்னு. தந்தைன்னு என் பேரு போட்டிருந்ததால எனக்கும் அனுப்பியிருக்காங்க. அது வந்து எட்டு மாசமாச்சு. அன்னையில இருந்து சோறு எறங்கல.”

“அதான் நீங்க சொன்னபடி எழுதிக் குடுத்துட்டேன்ல?”

“அன்னைக்கு நான் வெளிய கதவோரத்துல நின்னேன் செண்பகம்.” அவன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “எனக்கும் கேட்டுச்சு. ரெண்டு தரம். அம்மா பக்கத்துல இருந்தா. பக்கத்து ரூம்ல வேற பிள்ளைடான்னா. சரின்னு நானும் அத அப்படியே புடிச்சுக்கிட்டேன். அம்மாவும் செத்துப்போயிட்டா. இனி அதச் சொல்ல நான் ஒருத்தன்தான் இருக்கேன்.”

சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தான். அவள் கடைக்குக் கொண்டுபோயிருந்த அந்த முதல் தாள். எங்கோ நகல் வாங்கியிருக்கிறான். அதில் தெளிவாகக் கையெழுத்துப் போட்டிருந்தான். கீழே தன் கையாலேயே, ‘என் மகள் அழுததை நான் கேட்டேன். அன்று ஆபரேஷனுக்கு நான் சம்மதிக்கவில்லை’ என்று எழுதியிருந்தான்.

“நாளைக்குக் கொண்டுபோயி ஆபீசுல குடுக்கப் போறேன். அந்தப் பதிவத் திரும்பப் போடட்டும். மொதல்ல உன்கிட்டச் சொல்லிட்டுச் செய்யணும்னு வந்தேன்.”

இந்த வார்த்தைக்காகத்தான் அவள் பத்தொன்பது வருடம் காத்திருந்தாள். அது வந்துவிட்டது. வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அந்த எழுத்துகளைப் படித்தாள். இந்தத் தாள் ஆபீசுக்குப் போனால் அவள் மகள் உயிரோடு பிறந்தவள் ஆவாள். அதன்பிறகு, பொய் வாக்குமூலம் என்று மகளை வெட்டி எடுத்துவிடுவார்கள்.

“உங்க அம்மா சொன்னதுதான் நெசம்” என்றாள் செண்பகவல்லி. “அது பக்கத்து ரூம் பிள்ளை.”

அவன் நிமிர்ந்து பார்த்தான். “நீதான கடைக்கு வந்து சொன்ன, அழுதான்னு?”

“மயக்கத்துல கெடந்தவளுக்கு என்ன தெரியும்? பின்னால யோசிச்சுப் பாத்தேன். பக்கத்து ரூம்ல அன்னைக்கு ஒருத்திக்குப் பிள்ளை பொறந்துச்சு. நம்மது அழல.”

“எனக்கு நல்லாக் கேட்டுச்சு.”

“கேட்டிருக்கும். நம்ம பிள்ளை இல்ல.”

அவன் முகம் ஒரு நொடி லேசானது. அடுத்த நொடி அதற்காகவே வெட்கப்பட்டது. இரண்டையும் அவள் பார்த்தாள். தாளைக் கொடுங்கள் என்று கையை நீட்டினாள். கொடுத்தான். அதைப் பக்கத்திலிருந்த வாளியில் போட்டு, துணியை அலசுவதுபோல அலசினாள். மை கரைந்தது. பிறகு தாளும் கூழாகி விரலோடு வந்தது.

“வீட்டுக்குப் போங்க” என்றாள். “ரெண்டு பிள்ளைக இருக்கு உங்களுக்கு. சோத்தத் தின்னுட்டு ஒழுங்கா இருங்க.”

அவன் மீதித் தண்ணீரையும் குடித்து முடித்தான்.  வந்த வழியே தகடுகளுக்கு நடுவே போனான். கொஞ்ச நேரத்தில் தலை மறைந்தது.

செண்பகவல்லி குழாயைத் திறந்தாள். தண்ணீர் தகட்டில் அடித்துத் தெறித்தது. பிள்ளை போன அன்றுகூட அவள் வாய்விட்டு அழவில்லை. தையல் பிரிந்துவிடும் என்றார்கள். பிறகு எப்போதும் அழவில்லை. விம்மினால் வயிறு குலுங்கும், குலுங்கினால் எல்லாம் போய்விடும். இப்போது அந்த அழுகை எங்கிருந்தோ ஏறி வந்தது. தாங்கியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, சத்தமாக, ஆள் இல்லாத அந்த நாற்பது வரிசைக்கும் கேட்கும்படி அழுதாள். வயிறு குலுங்கிக் குலுங்கி ஓயாமல் ஆடியது. உள்ளே மகள் விடாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.